ஆடி மாதக் குழாயும் ஆயாவின் ஞாபகமும்

ஆடி பிறந்துவிட்டது என்று தெரிந்துகொள்ள அம்பத்தூரில் யாரும் காலண்டரைப் பார்க்க வேண்டியதில்லை. ஓ.டி. பக்கம் போனாலும் சரி, எஸ்டேட் பக்கம் போனாலும் சரி, நாலு தெருவுக்கு ஒரு சின்ன அம்மன் கோவில் இருக்கும். வாசலில் வேப்பிலைத் தோரணம் தொங்கும். அண்டாவில் கேழ்வரகுக் கூழ் கொதிக்கும். கம்பத்தின் உச்சியில், மைக்செட்காரர் ஏறிக் கட்டிவிட்டுப் போன குழாய் ஸ்பீக்கர். பொழுது விடிந்தும் விடியாததுமாக எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் அதிலிருந்து புறப்பட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமையாவது கொஞ்சம் தூங்கலாம் என்று நினைத்தவர்கள் தலையணையை எடுத்துக் காதின்மேல் அமுக்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆவடி, திருமுல்லைவாயல், திருவேற்காடு, பூந்தமல்லி என்று எங்கே தப்பித்துப் போனாலும் அங்கேயும் ஒரு குழாய் காத்திருக்கும்.

இந்தச் சத்தத்துக்கு நடுவே வீட்டு வாசலில் ஒரு வேடிக்கை நடப்பதுண்டு. காலை மாத்திரையைப் போட்டோமா இல்லையா என்று மருமகளிடம் மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருந்த ஆயா, பாட்டின் தொடக்கத்தில் உடுக்கை அதிர்ந்ததும் அப்படியே நிற்பார். "அன்னிக்கு எங்கப்பா என்னைத் தோள்மேல தூக்கிக்கினு ஏரிக்கரை வழியா வந்தாரு. புதுப் பாவாடை, பச்சைக் கலரு. கூழு சூடு தெரியாம வாயில வெச்சி நாக்கு பொத்துப்போச்சி" என்று ஆரம்பித்துவிடுவார். அப்புறம் அவரை நிறுத்த முடியாது.

அது நடந்து ஐம்பது வருடம் ஆகியிருக்கும். காலையில் நடந்ததைத் தொலைத்துவிட்ட அதே மூளை, ஐம்பது வருடத்துக்கு முந்தைய பாவாடையின் நிறத்தை எங்கே வைத்திருந்தது? போன வாரம் நீங்களே "ஆயா, உன் சின்ன வயசுக் கதை சொல்லேன்" என்று கேட்டபோது, "எனக்கென்னடா ஞாபகம் இருக்கு" என்றுதானே சொன்னார்? நீங்கள் கேட்டு வராதது, பாட்டு கேட்டு எப்படி வந்தது?

கம்பத்தில் இருக்கும் குழாயிலிருந்தே தொடங்கலாம். அதன் அடியில் ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. மின்சாரம் ஏறி இறங்கத் தகடு அதிர்கிறது. அந்தச் சின்ன அதிர்வு, விரிந்துகொண்டே போகும் குழாய்க்குள் பயணம் செய்து, வெளியே வரும்போது வலுவான காற்றலையாகிவிடுகிறது. குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் கேட்க வேண்டும். அதற்காகச் செய்த கருவி இது. ஆனால் தாழ்ந்த ஒலிகளை அதனால் சரியாக அனுப்ப முடியாது. தவிலில் எழும் கனத்த அடிகளைப் பாதி விழுங்கிவிடும். பாடுகிறவரின் குரல், நாகஸ்வரம், உடுக்கை இவற்றை மட்டும் கூர்மையாக்கி நம் காதில் கொண்டுவந்து குத்தும்.

தெருமுனையில் இரண்டாவது குழாய் இருந்துவிட்டால் இன்னும் விசேஷம். ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும். கோவில் வாசல் குழாயின் பாட்டு உங்களுக்கு உடனே கேட்கிறது. 170 மீட்டர் தள்ளி இருக்கும் குழாயிலிருந்து அதே சொல் அரை விநாடி கழித்து வந்து சேர்கிறது. ஒவ்வொரு சொல்லும் இரண்டு தரம் விழும். அப்படிக் கேட்டே வளர்ந்தவர்களிடம் அதே பாட்டைச் செல்போனில் சுத்தமாகப் போட்டுக் காட்டிப் பாருங்கள். "இது அந்தப் பாட்டு மாதிரியே இல்லப்பா" என்பார்கள். சிரிக்காதீர்கள், அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மூளை மெட்டை மட்டும் பிரித்தெடுத்து வைத்துக்கொள்வதில்லை. குரலின் தன்மை, சுருதி, வேகம் எல்லாவற்றையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறது. 1994-இல் அமெரிக்க ஆய்வாளர் டேனியல் லெவிட்டின், கல்லூரி மாணவர்களை அழைத்து, அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பிரபலமான பாட்டுகளில் இரண்டை நினைவிலிருந்தே பாடச் சொன்னார். சுருதிப்பெட்டி கிடையாது, முன்னால் பாட்டைப் போட்டுக் காட்டவும் இல்லை. நூற்றுக்கு நாற்பது பேர் ஒரு பாட்டையாவது இசைத்தட்டில் உள்ள அதே சுருதியில் பிடித்துவிட்டார்கள். சங்கீதம் படித்தவர்களுக்குத்தான் சுருதி நிற்கும் என்று நினைத்திருந்தவர்களுக்கு இது ஆச்சரியம்.

சரி, அலை காதுக்குள் நுழைகிறது. செவிப்பறை அதிர்கிறது, அதன்பின் மூன்று குட்டி எலும்புகள் அதிர்வை உள்ளே தள்ளுகின்றன, நத்தை ஓடு போல் சுருண்ட உள்காதில் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் அதை நரம்புச் செய்தியாக மாற்றுகின்றன. இந்தச் செல்கள் ஒருமுறை செத்தால் மனிதர்களுக்கு மறுபடி முளைக்காது. கூழ் வாங்கக் குழாய்க்கு நேர் கீழே வரிசையில் நிற்கிற பழக்கம் இருந்தால், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். அவ்வளவுதான் அறிவுரை.

காதிலிருந்து செய்தி மூளைக்குப் போகிறது. அங்கே நடப்பதில் முதல் ஆச்சரியம் அதன் வேகம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த குழு ஒன்று 2019-இல் ஒரு சோதனை செய்தது. ஒவ்வொருவருக்கும் பிடித்த, பழகிய பாட்டு ஒன்றிலிருந்தும், அதே மாதிரி ஒலிக்கிற ஆனால் அவர் கேட்டிராத பாட்டு ஒன்றிலிருந்தும் ஒரு விநாடிக்கும் குறைவான துணுக்குகளை வெட்டி மாற்றி மாற்றிப் போட்டார்கள். கேட்பவரின் கண்ணின் பாவையையும் மூளையின் மின்னலைகளையும் அளந்தார்கள். பழகிய பாட்டு வந்ததும் 0.1 முதல் 0.3 விநாடிக்குள் பாவை விரிய ஆரம்பித்தது. இமை மூடித் திறப்பதற்குள் மூளை "தெரிந்தது" என்று சொல்லிவிடுகிறது. உடுக்கையின் முதல் அதிர்விலேயே ஆயா நின்றதற்குக் காரணம் இதுதான். ஈஸ்வரி அம்மா வாயைத் திறக்கும் முன்பே அவர் மூளை பாட்டைக் கண்டுபிடித்துவிட்டது.

பாட்டு தெரிந்தது. பாவாடை எங்கிருந்து வந்தது?

ஞாபகத்தை நாம் பெரும்பாலும் பீரோவில் மடித்து வைத்த துணியாகக் கற்பனை செய்கிறோம். மூளையில் அப்படி ஒரு பீரோ இல்லை. அன்றைக்குப் பார்த்த பச்சை நிறம் பின்மண்டைப் பக்கத்துச் செல்களைக் கிளப்பியது. உடுக்கைச் சத்தம் காதுக்கு மேலே உள்ள பகுதியைக் கிளப்பியது. வேப்பிலை வாசனைக்கு வேறொரு இடம், நாக்குச் சுட்டதற்கு இன்னொரு இடம், அப்பாவின் தோளில் உட்கார்ந்த பயத்துக்கும் பெருமைக்கும் மற்றோர் இடம். இவை ஒரே நேரத்தில் வேலை செய்தபோது, மூளையின் உட்பகுதியில் இரண்டு பக்கமும் இருக்கிற ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பு இவற்றை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுவிட்டது. கோவில் வாசலில் கட்டிய வேப்பிலைத் தோரணத்தின் ஒரு முனையைச் சுண்டினால் கயிறு முழுவதும் ஆடுகிறதல்லவா, அதைப் போல, முடிச்சுப் போட்டவற்றில் ஒன்றைத் தட்டினால் மற்றவையும் அசைகின்றன. "உன் சின்ன வயசைச் சொல்லு" என்று நீங்கள் கேட்டபோது எந்த முனையைத் தட்டுவது என்று ஆயாவுக்குத் தெரியவில்லை. உடுக்கை சரியான முனையைத் தட்டியது.

இந்த ஆட்டத்தைப் படம் பிடித்துப் பார்த்தவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பெட்ர் ஜனாட்டா. மாணவர்கள் 13 பேரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, அவர்கள் 8 முதல் 18 வயதுக்குள் இருந்தபோது பிரபலமாக இருந்த பாட்டுகளிலிருந்து ஆளுக்கு 30 துணுக்குகளைப் போட்டார். சராசரியாகப் பதினேழு பாட்டைக் கண்டுபிடித்தார்கள். அவற்றில் சுமார் பதின்மூன்று, ஏதாவது ஒரு சொந்த நினைவைக் கூட்டிக்கொண்டு வந்தது. அப்போதெல்லாம் நெற்றிக்கு நேர் பின்னால், இரண்டு பாதி மூளையும் சந்திக்கிற இடத்தில் ஒரு பகுதி சுறுசுறுப்பானது. நினைவு எவ்வளவு பலமாக இருந்ததோ, அவ்வளவு சுறுசுறுப்பு. 'நான் யார், எனக்கு என்ன நடந்தது' என்று தன்னைப் பற்றி யோசிக்கும்போதும் வேலை செய்கிற பகுதி அது. 2009-இல் வெளிவந்த இந்த ஆய்வில் ஜனாட்டா இன்னொன்றும் சொன்னார்: முதுமை மறதி நோயான அல்சைமரில் மூளையின் பல இடங்கள் தேய்ந்துபோன பிறகும், கடைசியாகத் தேய்கிற இடங்களில் இதுவும் ஒன்று. மகன் பெயரை மறந்த தாத்தா பழைய பாட்டுக்குத் தலையாட்டுவதை நீங்கள் பார்த்திருந்தால், ஒரு காரணம் இதில் இருக்கலாம். பாட்டு அந்த நோயைக் குணப்படுத்தாது. கொஞ்ச நேரம் அவரை நம்மோடு உட்கார வைக்கும்.

எல்லாப் பாட்டும் இப்படிச் செய்யுமா? செய்யாது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இங்கேதான் வருகிறது.

எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய வேங்கடேச சுப்ரபாதம் 1963-இல் இசைத்தட்டாக வெளிவந்தது. அன்றிலிருந்து எத்தனையோ வீடுகளில் தினமும் காலையில் ஒலிக்கிறது. அதைக் கேட்டதும் உங்கள் ஆயாவுக்குக் காபி வாசனை வரலாம், கோலம் வரலாம், 'காலை நேரம்' என்கிற உணர்வு வரலாம். 'இன்ன வருடம், இன்ன நாள்' என்று வருவது அபூர்வம். ஏனென்றால் அந்த ஒரு பாட்டோடு ஆயிரக்கணக்கான காலைகள் முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. எதை எடுத்துக் கொடுப்பது என்று மூளைக்குத் தெரியாது. ஒரே அடையாளத்தோடு பல நினைவுகள் சேர்ந்தால் அந்த அடையாளத்தின் பலம் குறையும் என்பது ஞாபகத்தைப் பற்றிய பழைய, பலமுறை சோதித்த விதி.

வானொலியின் முகப்பு இசையும் அந்த ரகம்தான். ஆகாசவாணி காலையில் திறக்கும்போது வயலினும் தம்புராவுமாக வரும் அந்தச் சிறு இசை, 1930-களில் வால்டர் காஃப்மன் அமைத்தது. ஐரோப்பாவில் யூதர்களைத் துரத்த ஆரம்பித்த காலத்தில் பம்பாய்க்கு வந்து சேர்ந்த இசைக்கலைஞர் அவர். நமக்குப் பக்கத்து ஊரான ஆவடியில்தான் வானொலியின் ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. டிரான்சிஸ்டர் வைத்திருந்த வீடுகளில் இந்த இசையோடுதான் பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரம் தொடங்கும். இன்று அறுபது வயதாகிறவர்களிடம் அதைப் போட்டுக் காட்டினால், ஒரு நாள் வராது. ஒரு காலமே வரும்.

ஆடிப் பாட்டு வேறு மாதிரி. வருடத்தில் பதினொரு மாதம் அது ஓய்ந்திருக்கிறது. ஜூலை நடுவில் வந்து ஆகஸ்ட் நடுவில் போய்விடுகிறது. வரும்போது கூழ், வேப்பிலை, மஞ்சள் தண்ணீர், தீமிதி, பள்ளிக்கு மட்டம் என்று ஒரு கூட்டத்தோடு வருகிறது. வேறு எந்த மாதத்தின் நினைவும் அதில் ஒட்டவில்லை. அதனால் முடிச்சு இறுக்கமாக இருக்கிறது. இன்னும் ஒரு படி மேலே: ஆயா கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய், இருபது வருடம் அந்தக் குறிப்பிட்ட பாட்டைக் கேட்காமலே இருந்துவிட்டு, திடீரென்று ஒரு நாள் கேட்டால் இன்னும் பலமாக அடிக்கும். அடிக்கடி கேட்கிற பாட்டில் புதுப்புது நாட்கள் ஏறிக்கொண்டே போகின்றன. கேட்காமல் விட்ட பாட்டில் பழைய நாள் கலப்படமில்லாமல் இருக்கிறது.

புகைப்படத்தைவிடப் பாட்டுக்குப் பலம் அதிகமா என்று ஒரு கேள்வி உண்டு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஏமி பெல்ஃபியும் அவருடைய சகாக்களும் அதையும் சோதித்தார்கள். ஒரு பக்கம் பழைய பாட்டுகள், இன்னொரு பக்கம் பிரபலமானவர்களின் முகங்கள். 2016-இல் வெளியான முடிவு சுவாரஸ்யமானது. எண்ணிக்கையில் முகங்கள்தான் அதிக நினைவுகளைக் கிளப்பின. ஆனால் பாட்டு கிளப்பிய நினைவுகளில் பார்த்தது, கேட்டது, தொட்டது என்று புலன்களைப் பற்றிய விவரங்கள் கூடுதலாக இருந்தன. பாவாடை பச்சையாக வந்தது, கூழ் சூடாக வந்தது.

எல்லோரும் சொல்கிற காரணங்களோடு நான் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எடிசன் ஒலியைப் பதிவு செய்து திரும்பப் போட்டுக் காட்டியது 1877-இல். அதற்கு முன்னால் உலகத்தில் யாரும் ஒருவர் பாடிய பாட்டை அச்சு மாறாமல் இரண்டு தரம் கேட்டது கிடையாது. அம்மா பாடுகிற தாலாட்டு ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சம் மாறும். இருமல் வந்தால் ஓரிடத்தில் நிற்கும், தூக்கம் வந்தால் ஓரடி விட்டுப்போகும். இசைத்தட்டு மாறாது. ஈஸ்வரி அம்மா ஓரிடத்தில் மூச்சு வாங்கினால், ஐம்பது வருடம் கழித்தும் அதே இடத்தில்தான் மூச்சு வாங்குவார். இந்த ஊரில் அப்படி மாறாமல் இருப்பது வேறு என்ன இருக்கிறது? 1960-களில் தொழிற்பேட்டை வந்தது. வயலும் தோப்பும் பட்டறைகளாயின. ஏரியைச் சுற்றி வீடுகள் வந்தன. தனி நகராட்சியாக இருந்த அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து ஏழாவது மண்டலமாகிவிட்டது. ஆயா தோளில் ஏறி வந்த ஏரிக்கரை வழியில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது; அங்கே போய் நின்றாலும் எந்தத் தோரணமும் ஆடாது. சுண்டிவிடக் கயிற்றின் முனையே இல்லை. பாட்டு மட்டும் அன்றைக்கு ஒலித்தபடியே ஒலிக்கிறது.

அடுத்தது வயது. ஏன் சின்ன வயது மட்டும் இப்படித் திரும்பத் திரும்ப வருகிறது? நாற்பது வயதில் கேட்ட பாட்டு ஏன் அப்படி அடிப்பதில்லை? வயதானவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டு வயதுவாரியாக வரைபடம் போட்டால், ஏறக்குறைய பத்து முதல் முப்பது வயது வரையான காலத்தில் ஒரு மேடு தெரியும். முதல் சிநேகிதர், முதல் வேலை என்று 'முதல்'கள் எல்லாம் குவிந்திருக்கிற காலம் அது. புதியதை மூளை அழுத்தி எழுதிக்கொள்கிறது. நாற்பதாவது தடவை எஸ்டேட் பஸ்ஸில் போனதை யார் எழுதி வைப்பார்கள்?

இந்த மேட்டில் ஒரு விசித்திரம் இருக்கிறது, அது உங்களைப் பற்றியது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் கேரல் கிரம்ஹான்ஸலும் ஜஸ்டின் சுப்னிக்கும், சுமார் இருபது வயது மாணவர்களுக்கு 1955 முதல் 2009 வரையான பாட்டுகளைப் போட்டார்கள். தங்கள் காலத்துப் பாட்டுகளுக்கு அவர்களிடம் நினைவுகள் இருந்தன. அதில் அதிசயம் இல்லை. ஆனால் 1980-களின் தொடக்கத்துப் பாட்டுகளிலும் ஒரு மேடு தெரிந்தது. அவர்கள் பிறப்பதற்கு முன்னால் வந்த பாட்டுகள் அவை. அப்பா அம்மாவின் இளமைக் காலத்துப் பாட்டுகள்! 1960-களிலும் ஒரு சின்ன மேடு. அது தாத்தா பாட்டி காலம் என்று ஊகிக்கிறார்கள். வீட்டில் பெரியவர்கள் ஆசையாகப் போட்டுக் கேட்டதைப் பிள்ளைகளும் கூடவே கேட்டு வளர்ந்ததால் வந்த சொத்து இது. அப்பா வண்டி ஓட்டும்போது இளையராஜா பாட்டுப் போட்டால் "இன்னும் எத்தனை நாளைக்குப்பா இதையே கேட்கிறது" என்று முனகுகிறீர்களே, இருபத்தைந்து வயதில் எங்கோ ஒரு கடையில் அது ஒலிக்கும்போது உங்களுக்கு நினைவு வரப்போவது அப்பாவின் முதுகுதான்.

இன்னும் பின்னால் போகலாமா? மூன்று வயதுக்கு முன் நடந்த சம்பவங்கள் பெரும்பாலும் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. ஆனால் மெட்டு நிற்கிறது, கொஞ்ச காலமாவது. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் கர்ப்பமாக இருந்த பெண்கள் சிலர், கடைசி மூன்று மாதங்கள், வாரத்துக்கு ஐந்து நாள் 'ட்விங்கிள் ட்விங்கிள்' பாட்டின் மெட்டு உள்ள ஒலிப்பதிவைப் போட்டார்கள். குழந்தைகள் பிறந்ததும், பிறகு நான்கு மாதத்திலும், அதே மெட்டைப் போட்டு மூளையின் மின்னலைகளை அளந்தார்கள். வயிற்றில் இருந்தபோது கேட்ட குழந்தைகளின் மூளை, கேட்காத குழந்தைகளின் மூளையைவிட அந்த மெட்டுக்குப் பலமாகப் பதில் சொன்னது. 2013-இல் வந்த ஆய்வு இது. ஆடி மாதத்தில் வயிற்றில் இருந்த பிள்ளைகளுக்கு அம்பத்தூர் என்னவெல்லாம் கற்றுக்கொடுத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பாட்டு கேட்கும்போது கையில் புல்லரிக்கிறதே, அதற்கும் மூளையில் ஒரு கணக்கு இருக்கிறது. மான்ட்ரியலில் 2011-இல் செய்த ஆய்வில், பிடித்த இசையின் உச்சக் கட்டத்தில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரப்பதைக் கண்டார்கள். பசியோடு சாப்பிடும்போது சுரக்கிற அதே பொருள். உச்சம் வருவதற்குச் சில விநாடி முன்னாலேயே, 'இதோ வரப்போகிறது' என்ற எதிர்பார்ப்பிலும் அது சுரந்தது. தெரிந்த பாட்டில்தான் எதிர்பார்க்க முடியும். அதனால்தான் பிடித்த பாட்டு நூறாவது தடவையும் பிடிக்கிறது.

இப்போது ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிளைவ் வேரிங் என்று இங்கிலாந்தில் ஒரு இசைக்கலைஞர். பாடகர் குழுவை நடத்துபவர், பியானோ வாசிப்பவர், பி.பி.சி.யில் வேலை பார்த்தவர். 1985-இல் ஒரு வைரஸ் அவர் மூளையைத் தாக்கியது. ஹிப்போகாம்பஸ் இரண்டு பக்கமும் சிதைந்துவிட்டது. உயிர் பிழைத்தார். ஆனால் அரை நிமிடத்துக்கு மேல் எதுவும் நிற்கவில்லை. அவருடைய மனைவி அறையை விட்டு வெளியே போய்த் திரும்பினால், பல வருடம் கழித்துப் பார்ப்பவர் போல ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொள்வார். பழைய வாழ்க்கையின் நினைவுகளிலும் பெரும்பகுதி போய்விட்டது. இப்படிப்பட்டவரைப் பியானோ முன்னால் உட்கார வைத்தால், முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். பாடகர்களுக்கு முன்னால் நிறுத்தினால், கையசைத்து நடத்தினார். எழுந்ததும், வாசித்ததே நினைவில்லை.

இதிலிருந்து நமக்குத் தெரிவது, 'பாட்டைத் தெரிந்திருப்பது' ஒரு ஞாபகம், 'பாட்டுக் கேட்ட நாளைத் தெரிந்திருப்பது' வேறொரு ஞாபகம். இரண்டும் மூளையில் வேறு வேறு வழியில் போகின்றன. சைக்கிள் விடுவதும் வாய்ப்பாடு ராகமாக ஒப்பிப்பதும் முதல் வகையோடு சேர்ந்தவை. அப்பாவின் தோளில் உட்கார்ந்து வந்த நாள் இரண்டாவது வகை. வேரிங்கிடம் முதலாவது பிழைத்தது, இரண்டாவது போனது. ஆயாவிடம் இரண்டும் இருக்கின்றன.

இருக்கிறது என்றேன். சரியாக இருக்கிறதா?

ஊரிலிருந்து வந்திருக்கும் சின்ன ஆயாவிடமும் அதே பாட்டைப் போட்டுக் காட்டுங்கள். "பச்சைப் பாவாடையா? அவ கட்டியிருந்தது மஞ்ச. அப்பா எங்க வந்தாரு, அவருக்கு அன்னிக்கு ஷிஃப்ட்டு. தூக்கிக்கினு வந்தது மாமா" என்று அவர் சொன்னால் என்ன செய்வீர்கள்? இரண்டு பேரும் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பாட்டு முனையைத் தட்டும், தோரணம் ஆடும், ஆனால் ஐம்பது வருடத்தில் உதிர்ந்துபோன இலைகளுக்குப் பதில் மூளை புது இலைகளைச் செருகிவிடுகிறது. அது எந்த இலை, பழசா புதுசா என்று நமக்கு அறிவிப்பதும் இல்லை.

கேம்பிரிட்ஜில் இருந்த ஃபிரெடரிக் பார்ட்லெட் இதை நூறு வருடத்துக்கு முன்னாலேயே ஆராய ஆரம்பித்தார். வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் கதை ஒன்றை ஆட்களுக்குப் படிக்கக் கொடுத்து, பிறகு இடைவெளி விட்டு விட்டுத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொல்லச் சொல்லக் கதை மாறியது. சீல் வேட்டைக்குப் போனவர்கள் மீன் பிடிக்கப் போனவர்களாக ஆனார்கள். புரியாத பகுதிகள் உதிர்ந்தன, இங்கிலாந்துக்காரருக்குப் பழகிய விஷயங்கள் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தன. 1932-இல் அவர் எழுதிய நூல், நினைவு என்பது ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டப்படுவது என்று சொன்னது. ஆகவே ஆயா ஒவ்வொரு ஆடியிலும் அந்தக் கதையைச் சொல்லும்போது, பழைய நாளோடு, போன ஆடியில் தான் சொன்ன கதையையும் சேர்த்தே நினைவுகூர்கிறார். பாட்டு அச்சு மாறாமல் இருக்கிறது. அது கூட்டிவருகிற நாள்தான் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறுகிறது. ஆயாவின் குரல் தழுதழுப்பதில் ஒரு சொட்டுக்கூடப் பொய் இல்லை. பாவாடையின் நிறத்துக்கு மட்டும் நான் சாட்சி சொல்ல மாட்டேன்.

இதை நீங்களே சோதிக்கலாம், செலவு கிடையாது. வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சேர்ந்து வளர்ந்த இரண்டு பெரியவர்களைப் பிடியுங்கள். அக்கா தங்கை என்றால் மிக நல்லது. அவர்கள் சின்ன வயதில் கேட்ட ஒரு பாட்டைத் தேடி எடுங்கள். முக்கியமான நிபந்தனை, ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் "ஆமாமா, அப்படித்தான்" என்று ஒத்துப்போய்விடுவார்கள், சோதனை கெட்டது. முதலில் பாட்டைப் போடாமல், "சின்ன வயசு ஆடி மாசம் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டு, சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து அரை நிமிடம் பாட்டைப் போட்டுவிட்டு அதே கேள்வி. எது முதலில் வருகிறது, நிறமா, வாசனையா, ஆளா, இடமா? பாட்டுக்குப் பிறகு விவரங்கள் கூடினவா? "அப்புறம் என்ன?" என்று மட்டும் கேளுங்கள். "பாவாடை என்ன கலரு, பச்சையா?" என்று நீங்களே எடுத்துக் கொடுத்தால், அந்தப் பச்சை உங்களுடையது. முடிவில் இரண்டு தாள்களையும் ஒப்பிடுங்கள். எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே சண்டை வருகிறது என்று பாருங்கள். சண்டை வந்தால் நடுவில் போகாதீர்கள், அது ஐம்பது வருடப் பழக்கம்.

இன்னொரு சோதனைக்குப் பொறுமை வேண்டும். இந்த ஆடியில் உங்கள் தெருவில் கூழ் ஊற்றுகிற அன்று ராத்திரி, ஒரு தாளில் அந்த நாளை எழுதுங்கள். 'ஜாலியாக இருந்தது' என்றெல்லாம் வேண்டாம், அதைப் பின்னால் சரிபார்க்க முடியாது. எந்தப் பாட்டு முதலில் போட்டார்கள், குழாயா பெட்டி ஸ்பீக்கரா, கூழ் ஊற்றியது யார், தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பா முருங்கைக்கீரையா, நீங்கள் போட்டிருந்த சட்டை என்ன நிறம், மழை பெய்ததா, யார் யார் கூட இருந்தார்கள் என்று எழுதுங்கள். தேதி போட்டு, உறையில் வைத்து ஒட்டி, அம்மாவிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பாட்டைச் செல்போனில் தேடித் தேடிக் கேட்டுவிடாதீர்கள், முடிச்சு தளர்ந்துவிடும். பத்து வருடம் கழித்துப் பாட்டைப் போட்டு, வருவதை எல்லாம் புதுத் தாளில் எழுதி முடித்த பிறகே உறையைப் பிரிக்க வேண்டும்.